ஊதா மையும் மாசிக்காய் மையும்

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர் யார் என்பதை ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் எந்த நிற மையில் எழுதினீர்கள் என்று கேளுங்கள். தமிழ் மீடியக்காரரும் இங்கிலீஷ் மீடியக்காரரும் நீலம் என்பார்கள், சிலர் நீலக்கறுப்பு என்பார்கள். எங்களவர் மட்டும் யோசிக்காமல் ஊதா என்பார். சொல்லும்போதே வலது கை நடுவிரலின் முதல் கணுவை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்வார். மை ஊறிக் காய்ப்புக் காய்த்த இடம் அது.

கொஞ்ச நாளாக நான் மறுபடி மைப்பேனாவில் எழுதுகிறேன். பால் கணக்கு, மருந்துச் சீட்டுக் குறிப்பு, இந்தப் பக்கங்களுக்கான முதல் பிரதி எல்லாம் அதில்தான். எந்த மை என்று தேடப்போய், ஊதா மையின் பழைய கதை முழுவதும் கூடவே வந்துவிட்டது. நம் வயதுக்காரர்களுக்கு அதில் உபயோகமான சங்கதி ஒன்றும் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1957-ல் நான் பள்ளியில் சேர்ந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பாடமும் பழக்கமும் மட்டும் பழையபடியே இருந்தன. சாய்வு மேசையின் மேல் ஓரத்தில் ஒரு துளை, அதில் ஒரு வெள்ளைப் பீங்கான் மைக்கூடு. திங்கட்கிழமை காலையில் முறைக்காரப் பையன் நீண்ட மூக்கு வைத்த புட்டியோடு வரிசை வரிசையாக வந்து மை ஊற்றுவான். கடையில் வாங்கிய மை இல்லை அது. ஊதாப் பொடியைத் தண்ணீரில் கரைத்தது. மரக்கட்டையின் நுனியில் செருகிய இரும்பு நிப்பைத் தோய்த்துத் தோய்த்து எழுத வேண்டும். கீழே இழுக்கும் கோடு தடிப்பாகவும் மேலே ஏறும் கோடு மெலிதாகவும் வர வேண்டும். 'பிளேன் எ தெலியே' என்பார்கள். சிவப்பு மை வாத்தியாருக்கு மட்டும். 'திக்தே' எழுதி முடித்தால் ஊதா வரிகளுக்கு மேல் சிவப்புக் கோடுகள் விழும்.

நீலம் இல்லாமல் ஏன் ஊதா? இதை எந்த வாத்தியாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. பிரான்சில் எல்லாப் பிள்ளைகளும் அதில்தான் எழுதினார்கள், அதனால் நாங்களும் எழுதினோம். அங்கே அது ஏன் வந்தது என்பதற்கு நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

அதற்கு முன்னால் ஐரோப்பா முழுவதும் எழுதியது மாசிக்காய் மையில். நம் வீடுகளில் பிறந்த குழந்தையின் நாக்கில் இழைத்துத் தடவும் அதே மாசிக்காய்தான். ஓக் மரக் கிளையில் ஒருவகைக் குளவி முட்டையிட, மரம் அதைச் சுற்றி வளர்க்கும் முண்டு அது. துவர்ப்புச் சத்து நிறைந்தது. அதை இடித்து ஊறவைத்த நீரில் அன்னபேதியைச் சேர்த்து, குழம்பாக நிற்பதற்குக் கருவேலம் பிசின் மாதிரியான ஒரு பிசினைக் கலந்தால் மை தயார். நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் இன்றும் மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

இந்த மையின் விசேஷம், எழுதும்போது வெளிறித் தெரிந்து பிறகு கறுப்பது. காற்றுப் பட்டதும் அன்னபேதியில் உள்ள இரும்பு மாறி, துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கரையாத கறுப்பாகக் காகிதத்தின் நாருக்குள் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் கொட்டினாலும் அசையாது. ஆனால் அதில் புளிப்பு அதிகம், அதாவது அமிலம். வாத்து இறகில் எழுதியவரைக்கும் அது பெரிய தொந்தரவாகத் தெரியவில்லை. இறகு தேய்ந்தால் கத்தியால் சீவிக்கொள்ளலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்பு நிப் வந்தது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரம் அதை மலை மலையாகச் செய்து தள்ளியது. பிரான்சில் முதல் நிப் தொழிற்சாலை 1846-ல் பூலோஞ் சுர் மேர் என்ற துறைமுக ஊரில் தொடங்கியது. பிரெஞ்சுப் பள்ளிகளில் பிரசித்தி பெற்ற 'சர்ஜான் மஜோர்' நிப் அந்த ஊர்ச் சரக்கு. நிப் மலிவானது, ஆனால் மாசிக்காய் மை அதைத் தின்றது. பெரியவர்கள் துடைத்து வைப்பார்கள். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் யார் துடைப்பது? இரும்பைத் தின்னாத மை ஒன்று தேவைப்பட்டது.

இந்த இடத்தில்தான் ஊதா வருகிறது, அதுவும் யாரும் எதிர்பாராத வழியில்.

பழங்காலத்தில் ஊதா ராஜாக்களின் நிறம். காரணம் அழகு மட்டும் இல்லை, விலையும்தான். மத்தியதரைக் கடலின் ஒருவகைச் சங்குப் பூச்சியிலிருந்து அந்தச் சாயத்தை எடுத்தார்கள். 1909-ல் ஃப்ரீட்லேண்டர் என்ற ரசாயன அறிஞர் அதன் கட்டமைப்பைக் கண்டுபிடிப்பதற்காக 12,000 பூச்சிகளிலிருந்து சாயம் எடுத்தார். கிடைத்தது 1.4 கிராம். ஒரு சிட்டிகை மஞ்சள் பொடி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிறத்தை ஏழைப் பிள்ளையின் மைக்கூட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு பதினெட்டு வயதுப் பையன்.

வில்லியம் பெர்கின் என்று பெயர், லண்டனில் ரசாயன மாணவர். 1856 ஈஸ்டர் விடுமுறையில் வீட்டு மாடியில் இருந்த தன் சின்ன ஆய்வுக்கூடத்தில் கொய்னா செய்யப் பார்த்தார். மலேரியாவுக்கு அன்று இருந்த மருந்து அது ஒன்றுதான். நம் நாடு மாதிரியான இடங்களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் உயிரோடு இருக்க அது வேண்டும். தார் எண்ணெயிலிருந்து கிடைக்கும் அனிலினை வைத்து முயன்றார். கொய்னா வரவில்லை, அடியில் கறுப்புக் கசடுதான் மிஞ்சியது. அதைச் சாராயத்தில் கரைத்துப் பார்த்தபோது ஊதா நிறம் பரவியது. பட்டில் தோய்த்தால் பிடித்துக்கொண்டது. அந்த வருடம் ஆகஸ்டிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். 1858 ஜனவரியில் விக்டோரியா மகாராணி மூத்த மகளின் கல்யாணத்துக்கு அந்த நிறத்தில் உடுத்தி வந்தார். பிறகு கேட்க வேண்டுமா!

பிரெஞ்சுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. லியோன் பட்டு நெசவுக்குப் பெயர்போன ஊர். அங்கே வெர்கேன் என்பவர் அனிலினிலிருந்து கருஞ்சிவப்புச் சாயம் ஒன்று செய்தார். 1861-ல் ஷார்ல் லோத் என்பவர் மெத்தில் வயலட் என்ற புது ஊதாவைச் செய்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பாரிசை ஒட்டிய சேன் தெனியில் தொழிற்சாலை வைத்து 'பாரிஸ் ஊதா' என்ற பெயரில் விற்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு சிட்டிகை போட்டால் ஒரு குடம் தண்ணீர் நிறம் மாறும். அவ்வளவு வீரியம், அவ்வளவு மலிவு. அமிலம் இல்லாததால் நிப்பைத் தின்னாது. அடியில் கசடும் தங்காது. பொடியாகவே பொட்டலத்தில் தபாலில் அனுப்பலாம்.

அடுத்து நடந்தது அரசியல். ழூல் ஃபெரி மந்திரியாக இருந்தபோது 1881-ல் ஆரம்பக் கல்விக்குச் சம்பளம் கிடையாது என்று சட்டம் வந்தது. 1882-ல் ஆறு வயது முதல் பதிமூன்று வயது வரை கட்டாயம் என்றும், பொதுப் பள்ளிகளில் மதபோதனை இல்லை என்றும் இன்னொரு சட்டம் வந்தது. கிராமத்துக்குக் கிராமம் பள்ளிக்கூடம். அத்தனை பிள்ளைகளுக்கும் மை வேண்டும். மலிவான ஊதாப் பொடியும் கட்டாயக் கல்வியும் இப்படித்தான் ஒன்றையொன்று சந்தித்தன. 1892-ல் பொந்துவாஸ் ஊர்ப் புத்தகக் கடைக்காரர் செயேஸ் என்பவர் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்ட நோட்டை உண்டாக்கினார். எட்டு மில்லிமீட்டர் கட்டம், அதற்குள் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு மெல்லிய கோடு. ஊதா மை, இரும்பு நிப், செயேஸ் கோடு மூன்றும் சேர்ந்தால் அது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். அதை அப்படியே கப்பலில் ஏற்றிப் புதுச்சேரி வரைக்கும் அனுப்பினார்கள்.

இந்தச் சாயம் பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை. 1884-ல் கிராம் என்ற டென்மார்க் நாட்டு டாக்டர் கிருமிகளை இரண்டு ஜாதியாகப் பிரிக்கும் முறையைக் கண்டுபிடித்தபோது அவர் கண்ணாடித் தகட்டில் விட்டது இந்தக் குடும்பத்து ஊதாதான். லேபாரட்டரி ரிப்போர்ட்டில் 'கிராம் பாசிட்டிவ்' என்று போடுகிறார்களே, அந்தக் கிராம் இவர்தான். குழந்தைகளுக்கு வாய்ப்புண் வந்தால் தர்ம ஆஸ்பத்திரியில் பஞ்சால் தடவி அனுப்பிய ஜென்ஷியன் வயலட் அதன் உடன்பிறப்பு. ஆபீசில் எச்சில் தொட்டு எழுதிய காப்பியிங் பென்சில் அதன் சித்தப்பன் மகன். நான் வேலையில் சேர்ந்த புதிதில் பழைய குமாஸ்தாக்கள் சிலருக்குக் கீழ் உதடு எப்போதும் ஊதாவாக இருக்கும். ஜெலட்டின் தட்டில் ஒற்றி ஒற்றிக் கேள்வித்தாள் பிரதி எடுத்ததும் இந்தச் சாயத்தால். ரப்பர் ஸ்டாம்பு மைப்பெட்டியில் இன்றைக்கும் இருப்பது இந்த நிறம். சர்க்காரில் நீலம் எழுத்துக்கு, சிவப்பு திருத்தத்துக்கு, பச்சை பெரிய அதிகாரிக்கு என்றால், ஊதா முத்திரைக்கு.

ஆனால் ஓரிடத்தில் மட்டும் ஊதாவை நான் பார்த்ததில்லை. அது பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடு. 'எத்தா சிவில்' என்று நாங்கள் சொல்வது. உத்தியோக காலத்தில் சில வருடங்கள் அந்தப் பழைய பதிவேடுகளின் பக்கம் எனக்கு வேலை இருந்தது. நூறு வருடத்துப் பக்கத்தைத் திருப்பினால் எழுத்து காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும். மாசிக்காய் மை முதிர்ந்த நிறம் அது. காகிதம் பொடிந்திருக்கும், ஓரத்தைப் பூச்சி அரித்திருக்கும், எழுத்து மட்டும் நிற்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு ஊதாவைக் கொடுத்த அதே சர்க்கார், தன் கணக்குக்கு மாசிக்காய் மையை வைத்துக்கொண்டது. எது போனால் பரவாயில்லை, எது போகக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு ஜாக்கிரதையும் செய்திருந்தார்கள். பிரெஞ்சு முறையில் பதிவேடு இரண்டு பிரதி. ஒன்று மேரியில், மற்றது நீதிமன்றக் கிரெஃபில். காலனிகளுக்கு மூன்றாவது பிரதி ஒன்றும் உண்டு. 1776-ல் ராஜா காலத்திலேயே அதற்கு உத்தரவு போட்டு, வெர்சாயில் ஒரு காப்பிடம் வைத்தார்கள். கப்பல் கவிழ்ந்தாலும் ஊர் எரிந்தாலும் ஒரு பிரதி மிஞ்ச வேண்டும் என்பது யோசனை. காலனிப் பதிவேடுகள் இப்போது தெற்குப் பிரான்சில் எக்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இதன் அருமை எனக்குப் புரிந்தது ஓர் ஐப்பசி மாதத்தில். எண்பதுகளின் தொடக்கம். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனாவில் வேலை பார்த்தவர், சமீபத்தில் காலமானவர். விதவைப் பென்ஷனுக்காக ஓர் அலுவலகத்தில் அவருடைய பிறப்புச் சான்று கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மா கொண்டுவந்த காகிதம், யாரோ ஒரு வாத்தியார் பதிவேட்டைப் பார்த்து நகல் எழுதிக் கொடுத்தது. ஊதா மை. கூரை ஒழுகி அலமாரிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. பெயர் பாதி தெரிகிறது. வருடமும் பதிவு எண்ணும் இருந்த இடத்தில் ஒரு ஊதா மேகம், அவ்வளவுதான். முத்திரையும் அதோடு கலந்து போயிருந்தது. இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று அங்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

எத்தா சிவிலில் பத்து வருடத்துக்கு ஒரு அகரவரிசைப் பட்டியல் உண்டு. பெயரும் உத்தேசமான வயதும் போதும். இரண்டு பட்டியலைப் புரட்டி, மூன்றாவது மணி நேரத்தில் ஆளைப் பிடித்துவிட்டோம். பதிவேட்டின் அந்தப் பக்கமும் ஒரு காலத்தில் நனைந்ததுதான். காகிதத்தில் பழுப்புக் கறை வட்டமாகப் படர்ந்திருந்தது. கறைக்கு நடுவில் தேதி, அப்பா பெயர், அம்மா பெயர், சாட்சிகள் இரண்டு பேரின் கையெழுத்து, எல்லாம் நேற்று எழுதிய மாதிரி இருந்தது. நகல் எழுதிக் கொடுத்தோம். பென்ஷன் வந்தது.

நகலை வாங்கிக்கொண்ட அந்த அம்மா போகவில்லை. பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். உள்ளே சைகோனிலிருந்து கணவர் எழுதிய கடிதங்கள். பத்து வருடத்துக் கடிதங்கள். நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், அதனால் தமிழையும் ஊதாவில்தான் எழுதியிருக்கிறார். அலமாரித் தண்ணீர் அந்த டப்பாவையும் விடவில்லை. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கத்தரிப்பூ நிறத்தில் சாயம் தோய்த்த துணி மாதிரி இருந்தன. ஓரங்களில் மட்டும் அங்கங்கே ஒரு சொல்.

"தம்பி, இதையும் உங்க புத்தகத்துல பாத்து எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, இதுக்கு எங்ககிட்ட பிரதி கிடையாது" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு டப்பாவை மூடிக்கொண்டார். சர்க்காருக்கு வேண்டியது மூன்று இடத்தில் மூன்று பிரதி இருந்தது. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பிரதி, அதுவும் தண்ணீரில் கரையும் மையில்.

ஊதா மையின் ராஜ்யம் முடிந்தது பந்துமுனைப் பேனாவால். ஹங்கேரிக்காரர் பீரோ கண்டுபிடித்ததை மார்செல் பிக் என்ற பிரெஞ்சு முதலாளி 1950-ல் மலிவு விலையில் சந்தைக்குக் கொண்டுவந்தார். கல்வி இலாகா பதினைந்து வருடம் முறைத்துப் பார்த்தது. கையெழுத்து கெட்டுவிடும், தடிப்பும் மெலிவும் வராது என்பது வாதம். கடைசியில் 1965 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டு அனுமதித்தார்கள். இங்கேயும் அதற்குப் பின் இரண்டொரு வருடத்தில் மைக்கூடுகள் காலியாயின. மேசைத் துளை மட்டும் மிச்சம். அதில் பையன்கள் கடலைத் தோலைப் போட்டார்கள்.

இப்போது என் மேசைக்கு வருகிறேன். ஊதாவிலேயே நான்கு புட்டிகள் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி நடுத்தர நிப் போட்ட நான்கு பேனாக்களில் ஊற்றி, ஒரே நோட்டில் தினமும் எழுதிப் பார்த்தேன். என்னைப் போல் டியூப் லைட்டில் மூக்குக்கண்ணாடியோடு எழுதுகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்ற கணக்கில் சொல்கிறேன்.

முதலாவது பிரெஞ்சு எர்பேன் கம்பெனியின் 'வியோலெத் பான்சே'. 1670-லிருந்து தன் வயதை எண்ணும் கம்பெனி, முதலில் அரக்கு வியாபாரம். இந்த மைக்கு அந்த நாட்டு ஊதாப் பூ ஒன்றின் பெயர். பள்ளிக்கூட நிறத்துக்கு நால்வரில் நெருங்கிய சொந்தம் இதுதான். முதல் வரி எழுதியதுமே செயேஸ் கோடு கண்முன் வந்துவிடும். பேனா நிப்பைச் சுலபமாகக் கழுவலாம். நிறம் கத்தரிப்பூப் பக்கம் சாய்ந்தது, பகலுக்கு ஏற்றது. இரவில் என் கண் இன்னும் கொஞ்சம் அழுத்தம் கேட்கிறது.

இரண்டாவது ஜெர்மனியின் பெலிகன் 4001 வயலட். கொஞ்சம் சிவப்பு கலந்த ஊதா. ஓட்டம் மிதமானது. அதனால் அதிகமாகக் கக்கும் பழைய பேனாவுக்கும், மை உறிஞ்சும் நம் ஊர் நோட்டுக்கும் இது ஒத்துப்போகிறது. தாளின் மறுபக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

மூன்றாவது இங்கிலாந்தின் டயமைன் கம்பெனியின் 'இம்பீரியல் பர்ப்பிள்'. 1864-ல் தொடங்கிய கம்பெனி, லிவர்பூல் பக்கம். இதுதான் நாவல்பழ ஊதா. வயதானவர்கள் அன்றாடம் எழுதுவதற்கு நிறத்தை மட்டும் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைச் சொல்வேன். தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பு, கிட்டே வந்தால் ஊதா. பாங்கு சலானில் எழுதினால்கூட யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

நான்காவது ஜெர்மனியின் லைப்சிக் ஊரில் 1892-ல் தொடங்கிய ரோரர் கிளிங்னர் கம்பெனியின் 'ஸ்கேபியோசா'. இதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. ஊதா நிறத்திலேயே மாசிக்காய் மை. நூற்றைம்பது வருடத்துக்கு முன் எந்த மையைத் துரத்திவிட்டு ஊதா உள்ளே வந்ததோ, அதோடே இப்போது ஒரே புட்டியில் குடித்தனம் நடத்துகிறது. பளபளப்பு கிடையாது. மழை மேகத்தில் நாவல்பழச் சாறு ஊற்றிய மாதிரி மங்கலான நிறம். எழுதும்போது வெளிறித் தெரிந்து, நாள் ஆக ஆகக் கறுக்கிறது. இன்றைக்கு வரும் இந்த ஜாதி மைகளில் அமிலத்தைக் குறைத்திருக்கிறார்கள். ஆனாலும் பேனாவுக்குள் காயவிடக் கூடாது. மாதம் ஒரு தடவை தண்ணீரில் அலசிவிட வேண்டும், துருப்பிடிக்கும் பழைய இரும்பு நிப்பில் ஊற்றவும் கூடாது.

நான்கிலும் ஒரே வாக்கியத்தை எழுதி, ஒரு நாள் உலர்த்தி, மேலே ஒரு கரண்டித் தண்ணீர் விட்டேன். முதல் மூன்றும் சாய மைகள். தண்ணீரில் கரைவது அவற்றின் பிறவிக் குணம், சட்டையில் பட்டால் துவைத்துப் போக்குவதற்கும் பேனாவைச் சுலபமாக அலசுவதற்கும் உதவுவது அதே குணம்தான். எழுத்து பரவி நிறம் மட்டும் மிஞ்சியது. நான்காவதில் மேலே இருந்த ஊதாச் சாயம் ஓடிப் போக, அடியில் சாம்பல் நிறக் கோடு அப்படியே நின்றது. எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தது. இன்னொரு தாளை இரண்டு மாதம் மேற்கு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்தேன். வெயில் சாயத்தை உடைக்கும். அங்கேயும் அதே வரிசைதான்.

மாசிக்காய் மைக்கும் ஒரு குறை உண்டு. அந்தக் காலத்தில் அமிலம் மிகுந்துபோன கலவையில் எழுதிய ஏடுகளில், எழுத்து இருந்த இடத்தில் காகிதமே எரிந்தது போல் ஓட்டை விழுந்திருக்கிறது. அதற்குப் பொதுவாக வெகுகாலம் ஆகும். நம் பேரன் பேத்திகளுக்கு அது கவலை இல்லை.

ஆக, என் தீர்ப்பு இதுதான். பால் கணக்குக்கும் கடைச் சாமான் பட்டியலுக்கும் எந்த ஊதா மனதுக்குப் பிடிக்கிறதோ அது. கரைந்து போனால் நஷ்டம் இல்லை. பேரப்பிள்ளை படிக்க வேண்டும் என்று எழுதுவது, சொத்து விவரம், குடும்ப வரலாறு, பிறந்தநாள் கடிதம் இவையெல்லாம் மாசிக்காய் மையில். அல்லது நீலக்கறுப்பு நிரந்தர மையில்.

மை வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ அப்பாவின் ஊதாக் கடிதம், அம்மாவின் கணக்கு நோட்டு, தாத்தாவின் நகல் காகிதம் ஏதாவது இருந்தால் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். கடற்கரை ஊரில் இருக்கிறோம். வருடா வருடம் ஐப்பசியும் கார்த்திகையும் வரும், ஒழுகாத கூரை கிடையாது. பேரனைக் கூப்பிட்டுச் செல்போனில் இரண்டு பக்கமும் படம் எடுக்கச் சொல்லுங்கள். படத்தை மகள் வீட்டுக்கும் மகன் வீட்டுக்கும் அனுப்பிவையுங்கள். அத்தோடு விடாமல், ஒரு நல்ல நோட்டு வாங்கி, நிற்கிற மையில், உங்கள் கையாலேயே ஒரு நகல் எழுதுங்கள். தினம் ஒரு பக்கம் போதும். மூலம் ஒன்று, படம் ஒன்று, நகல் ஒன்று. மூன்றும் மூன்று வீட்டில் இருக்கட்டும்.

கண் தெரியவில்லை, கை நடுங்குகிறது என்று தள்ளிப்போட வேண்டாம். நடுங்கிய எழுத்தைப் படிக்கலாம்.